அந்நிய ஊரில் மனசு ஏன் லேசாகிறது?

1890 ஆகஸ்ட் கடைசியில், ஜப்பானின் மட்சுவே என்ற கோட்டை நகருக்கு ஆங்கில வாத்தியாராக வந்து சேர்ந்தார் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன். வயது 40. இடது கண்ணில் பார்வை கிடையாது. தாய் கிரேக்கப் பெண், தகப்பன் ஐரிஷ்காரர். இருவருமே சின்ன வயதில் விட்டுப் போய்விட, டப்ளினில் பாட்டி முறை உறவினர் ஒருவர் வளர்த்தார். 19 வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்சினாட்டியில் கறுப்பினப் பெண் ஒருவரை மணந்தார். ஒஹாயோ மாநிலச் சட்டம் அன்று அதை அனுமதிக்கவில்லை. அதனால் பத்திரிகை வேலை போயிற்று.

எங்கும் ஒட்டாத அந்த மனிதர் மட்சுவேயில் ஒட்டிக்கொண்டார். வீட்டில் ஜப்பானிய உடை, பழைய சாமுராய் வீடு, தோட்டத்தில் தவளைச் சத்தம். கொய்சுமி செட்சு என்ற பெண்ணோடு குடும்பம் அமைந்தது. 1896இல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் 'வெளிநாட்டு மோகம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அது அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்நிய ஊரில் மனசு லேசாகும் இந்த உணர்வுக்குப் பின்னால் அளந்து பார்க்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், சுபாவப் பொருத்தம். 28 சமூகங்களைச் சேர்ந்த 7,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. கலகலப்பாகப் பழகுகிறவர்கள் பொதுவாகவே சந்தோஷமாக இருப்பார்கள் என்பது பழைய முடிவு. அந்தச் சந்தோஷம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை என்று இந்த ஆய்வு காட்டியது. சுற்றியிருப்பவர்களும் கலகலப்பானவர்களாக இருந்தால்தான் அந்தக் குணத்தின் பலன் முழுசாகக் கிடைக்கிறது. ஆக, குணம் நல்லதா கெட்டதா என்பதில் பாதி, அது எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எந்த உணர்ச்சியை உயர்வாக மதிக்கிறோம் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். உளவியலாளர் ஜீன் சாய் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அமெரிக்கர்கள் உற்சாகத் துள்ளலை அதிகம் விரும்பினார்கள்; ஹாங்காங் சீனர்கள் அமைதியை விரும்பினார்கள். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நாலு பேராவது "ஏன் உம்முன்னு இருக்கே?" என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்காது. அமைதியை மதிக்கும் ஊருக்கு அதே பிள்ளை போனால், அந்தக் கேள்வியே எழாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உளவியலாளர் மிஷெல் கெல்ஃபண்ட் குழு 33 நாடுகளில் சமூகக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கம் என்று அளந்து 2011இல் வெளியிட்டது. பாகிஸ்தான், மலேசியா, இந்தியா எல்லாம் இறுக்கமான பக்கம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. உக்ரைன், நெதர்லாந்து போன்றவை தளர்வான பக்கம். ஜப்பானும் இறுக்கமான பக்கத்தில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அங்கே போகிற வெளிநாட்டவருக்கு மூச்சு விட முடிகிறதே, எப்படி?

அந்தக் கட்டுப்பாடு அவரைக் கட்டுவதில்லை, அதனால்தான். ஜெர்மன் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மெல் 1908லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்நியர் ஒரு சமூகத்துக்குள்ளேயே இருப்பார். ஆனால் அதன் உறவுக் கணக்குகள், பழைய பகைகள் எதிலும் அவருக்குப் பங்கில்லை. சொந்தக்காரரிடம் சொல்லாத ரகசியத்தைக்கூட அவரிடம் வந்து சொல்வார்கள். அவர் தப்பாகக் கும்பிட்டாலும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். உள்ளூர்க்காரர் செய்தால் அது மரியாதைக் குறைவு.

மொழியும் இந்த விடுதலையில் சேர்ந்தது. துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னால் ஆங்கிலம் கற்றவர்களின் விரல் நுனியில் மின்முனை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2003இல் வெளிவந்தது. சிறுவயதில் வாங்கும் 'வெட்கமா இல்லை?' மாதிரியான திட்டுகளைத் துருக்கியில் கேட்டபோது, தோலின் மின்கடத்தல் ஆங்கிலத்தில் கேட்டதைவிட அதிகமாகக் கூடியது. மனம் பதறினால் லேசாக வியர்க்கும், அதைத்தான் கருவி பிடிக்கிறது. தாய்மொழித் திட்டு உடம்பில் இறங்கியிருக்கிறது. பின்னால் கற்ற மொழியில் அந்தச் சுருக்கென்ற வலி குறைவு.

ஹெர்னுக்கு ஜப்பானிய மொழி கடைசிவரை சரளமாக வரவில்லை. அவரும் செட்சுவும் வேற்றுமை உருபு, வினைத் திரிபு எல்லாம் உதிர்ந்துபோன ஒரு ஜப்பானியத்தைத் தங்களுக்கென்று பேசிக்கொண்டார்கள். 'ஹெருன்-சான் கொதொபா', அதாவது ஹெர்ன் ஐயா பாஷை என்று அதற்குப் பெயர். இரவில் விளக்கைத் தணித்துவிட்டு செட்சு பேய்க்கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, உன் சொந்த வார்த்தையில்தான் சொல்ல வேண்டும் என்பாராம் ஹெர்ன். உலகம் படித்த அவருடைய ஜப்பானியக் கதைகள் பல அந்த அரைகுறை மொழி வழியே வந்தவை.

இந்த லேசான நிலை அப்படியே நீடிக்குமா? சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்கா போய் வந்த நார்வே அறிஞர்கள் 200 பேரிடம் விசாரித்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு ஒட்டிப்போயிருந்தார்கள். இடைப்பட்ட காலம் தங்கியவர்களுக்குத்தான் சிரமம். பின்னாளில் வந்த ஆய்வுகளில் எல்லோரிடமும் இந்த ஏற்ற இறக்கம் தென்படவில்லை. ஹெர்ன் மட்சுவேயில் இருந்தது 15 மாதம் போல. அடுத்துப் போன குமமோட்டோ ராணுவ முகாம் நகரம், அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்து எழுதிய கடிதங்களில் ஜப்பான் மீதே கசப்பு தெரிகிறது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. குடியுரிமை வாங்கியதுகூட மனைவி மக்களின் உரிமை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். விருந்தாளிக்குக் கிடைத்த சலுகை தீர்ந்த பிறகும் அவரை அங்கே பிடித்து வைத்தது செட்சுவும் பிள்ளைகளும்.

1904இல் டோக்கியோவில் இறக்கும்வரை, மூத்த மகன் கசுவோவுக்குத் தானே பாடம் நடத்தினார். பழைய செய்தித்தாளில் பெரிய பெரிய எழுத்துகளாக எழுதி, மிகுந்த கண்டிப்போடு அவர் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலம்.