ஃபோர்ஜ்: கொல்லன் பட்டறை

இரும்பைக் காய்ச்சி, அடித்து, வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவரும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ஃபோர்ஜ் (forge) என்று பெயர். அங்கே எரியும் அடுப்புக்கும் அதே பெயர்தான். தமிழாக்கத்தில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

லத்தீனில் ஃபாபர் என்றால் கைவினைஞர். அவர் வேலை செய்யும் இடம் ஃபாப்ரிக்கா. அது பழைய பிரெஞ்சில் ஃபோர்ஜ் என்று தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கள்ளக் கையெழுத்தைக் குறிக்கும் ஃபோர்ஜரியும் இந்த வேர்தான்!

இந்தச் சொல்லை அயர்லாந்துப் பின்னணியில் பார்ப்போம். அந்நாட்டின் சொந்த மொழியான ஐரிஷில் பட்டறை 'கியார்த்தா', கொல்லர் 'கவா'. மெக்கோவன் என்ற குடும்பப் பெயருக்குக் கொல்லர் மகன் என்று பொருள். கேவன் மாவட்டத்தில் அந்தக் குடும்பங்கள் பல, ஆங்கிலத்தில் ஸ்மித் என்று மாறிவிட்டன. டவுன் மாவட்டத்து பாலிகோவன் ஊர்ப் பெயரிலும் இந்தக் கொல்லர் இருக்கிறார். பழங்கதைகளில் தேவர்களுக்கு ஆயுதம் வடித்துக் கொடுத்த கொவ்னியுவின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். கொல்லரிடம் மந்திர சக்தி உண்டு என்ற பயமும் இருந்தது. அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் பெயரால் வழங்கும் பழைய காப்புச் செபம், பெண்கள், கொல்லர்கள், கிறித்தவத்துக்கு முந்தைய துருயிதுப் பூசாரிகள் ஆகியோரின் மந்திரங்களிலிருந்து காப்பாற்று என்று வேண்டுகிறது.

கிராமப் பங்குகளில் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்; தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் அதே பங்குதான்) கொல்லரே குதிரைக்கு லாடமும் அடிப்பார், கொழுவும் மண்வெட்டியும் செய்வார், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவும் போடுவார். ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சிக்கு ஈட்டிமுனைகள் இந்தப் பட்டறைகளில்தான் உருவாயின. காய்ச்சிய இரும்பை முக்கும் தொட்டித் தண்ணீர் மருவைப் போக்கும் என்றும் நம்பினார்கள். 1937-39இல் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நாட்டார் வழக்காறுகளைத் திரட்டியபோது, ஊர்ப் பட்டறையும் ஒரு தலைப்பாகக் கொடுக்கப்பட்டது. அப்புறம் டிராக்டர் வந்தது. குதிரை போனது, பட்டறைகளும் மூடப்பட்டன.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? வெறும் 'உலை' போதாது. சோற்றுப்பானைதான் நினைவுக்கு வரும். அடுப்பை மட்டும் சொல்லும்போது கொல்லுலை எனலாம். வார்ப்பகம் தவறு: அங்கே உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள், இங்கே பழுக்கக் காய்ச்சி அடிப்பார்கள். 'உலைக்களம்' அழகான சொல், ஆனால் இலக்கிய வாடை கொஞ்சம் தூக்கல். இடத்துக்குக் கொல்லன் பட்டறை அல்லது கொல்லுப்பட்டறையே சரி. தங்க வேலையோடு குழம்பும் இடத்தில் மட்டும் இரும்புக்கொல்லர் என்று விரித்து எழுதலாம். ஃபாரியர் என்று தனியே வந்தால் லாடம் அடிப்பவர்.