பேருந்துக்குக் கார் இன்ஜின் போதும்

2006இல் லண்டனின் 360ஆம் எண் தடத்தில் ஆறு புது ஹைப்ரிட் பேருந்துகள், அதாவது டீசல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த வண்டிகள், ஓடத் தொடங்கின. வட அயர்லாந்தின் ரைட்பஸ் நிறுவனம் கட்டியவை. வழக்கமான பேருந்தைவிடச் சற்றுக் குட்டையான, ஒற்றைத் தள வண்டிகள். பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது 1.9 லிட்டர் டீசல் இன்ஜின். நான்கு பேர் போகிற காரில் இருக்குமே, அந்த அளவு.

ஆள் ஏறினால் பத்து டன்னைத் தாண்டும் வண்டியை அது இழுக்குமா? நேரடியாக இழுக்காது. இழுக்கச் சொல்லி அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. பத்து டன் பேருந்து சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது. டயர் உராய்வையும் காற்றின் தடையையும் சமாளிக்க அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 15 கிலோவாட்தான். சாதாரண 100 சிசி பைக் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டினால் அந்தப் பலம் வந்துவிடும். ஆனால் நிறுத்தத்திலிருந்து கிளம்பி 12 விநாடியில் அந்த வேகத்தை எட்ட வேண்டுமென்றால் சராசரியாக 50 கிலோவாட் வேண்டும். உச்சத்தில் 100 வரை போகும். சாதாரணப் பேருந்தில் அவ்வளவு பெரிய இன்ஜினை வைப்பதே இந்தச் சில விநாடிப் 'பிக்கப்'புக்காகத்தான். மற்ற நேரமெல்லாம் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. சிக்னலில் நிற்கும்போதும் அது உறுமிக்கொண்டே டீசல் குடிக்கும்.

சீராக ஓடுவது ஒரு வேலை, கிளம்பும்போது பாய்வது இன்னொரு வேலை. ஹைப்ரிட் வண்டி இந்த இரண்டையும் பிரித்துக் கொடுக்கிறது. 360இல் ஓடியது 'தொடர்' வகை. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே கியர்பாக்ஸ் கிடையாது, கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதில் வரும் மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நம் டீசல் ரயில் இன்ஜின்களும் இதே வழியில்தான் ஓடுகின்றன. ஆனால் ரயிலில் இல்லாத ஒன்று இங்கே நடுவில் உட்கார்ந்திருக்கிறது: பேட்டரி. கிளம்பும்போது மோட்டார் கேட்கும் பெரிய சக்தியில் ஒரு பங்கை ஜெனரேட்டர் தரும், மிச்சத்தைப் பேட்டரி தரும். தேவை குறைந்ததும் இன்ஜின் பேட்டரியை நிரப்பும். மாதச் சம்பளக்காரர் தீபாவளிச் செலவைச் சேமிப்பிலிருந்து சமாளிப்பது மாதிரி.

இதில் இன்னொரு லாபம் உண்டு. எந்த டீசல் இன்ஜினுக்கும் நன்றாக வேலை செய்யும் ஒரு வேகமும் ஒரு சுமையும் இருக்கும். அதற்கு வெளியே போனால் வீணடிக்கும். நிறுத்தத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பேருந்தின் பின்னால் கறுப்பாக ஒரு புகை கிளம்புமே, திடீரென்று பாய்ச்சிய டீசலுக்கு ஏற்ற காற்று உடனே கிடைக்காத தவிப்பு அது. சக்கரத்தோடு கட்டப்படாத இன்ஜின் அப்படித் தவிக்க வேண்டியதில்லை. தனக்குப் பிடித்த வேகத்திலேயே ஓடலாம்.

ஆனால் உண்மையான மிச்சம் பிரேக்கில்தான் இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்தப் பத்து டன்னில் சுமார் 6 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். இன்ஜினின் திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதை உண்டாக்க ஏறக்குறைய 50 மில்லிலிட்டர் டீசல் எரிந்திருக்கும். டீக்கடை கிளாஸில் பாதி. டிரைவர் பிரேக்கை மிதித்ததும் அது முழுக்க டிரம்மில் சூடாகிக் காற்றோடு போய்விடும். இருபது முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. நகரத்துத் தடத்தில் இருபது நிறுத்தம் என்பது ஒரு நடைக்குள்ளேயே வந்துவிடும். சிக்னலும் குறுக்கே வரும் மாடும் தனிக் கணக்கு.

ஹைப்ரிட்டில் பிரேக் மிதித்தால் முதலில் மோட்டாரின் வேலை தலைகீழாகிறது. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, அது ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த இழுவையே வண்டியின் வேகத்தைக் குறைக்கும். வழக்கமான பிரேக் கடைசியில் பிடித்து நிறுத்தினால் போதும், லைனிங்கும் நாள்படும். போட்ட காசு முழுதாகத் திரும்பாது. ஜெனரேட்டரில் கொஞ்சம், பேட்டரிக்குள் போய் வருவதில் கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம் என்று கழிந்து, பாதி கிடைத்தாலே நல்லது.

சிறிய பேருந்துக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. டொயோட்டாவின் முதல் ஹைப்ரிட் பிரையஸ் கார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1997 ஆகஸ்டில், கோஸ்டர் மினிபஸ் ஹைப்ரிட்டாக விற்பனைக்கு வந்துவிட்டது. அதுவும் தொடர் வகை. இன்ஜின் மட்டும் டீசலுக்குப் பதில் 1.5 லிட்டர் பெட்ரோல். டீசலில் ஜப்பானின் ஹினோ அதற்கும் முந்தியது, 1991இலேயே இறங்கியது. ஹினோவினுடையது 'இணை' வகை: அதில் இன்ஜினும் சக்கரத்தைச் சுற்றும், மோட்டாரும் தோள் கொடுக்கும்.

இரண்டில் எது நல்லது என்பது வண்டி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. தொடர் வகையில் இன்ஜினின் உழைப்பு மின்சாரமாகி மறுபடியும் சுழற்சியாக வேண்டும். இந்த இரண்டு மாற்றத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்காவது சூடாகிப் போய்விடும். ஐம்பது அடிக்கு ஒருமுறை நிற்கும் கடைத்தெருவில் பிரேக்கிலிருந்து மீட்பது அந்த நஷ்டத்தை ஈடுகட்டி மேலும் தரும். புறவழிச்சாலையில் நிற்காமல் ஓடினால் மீட்க ஒன்றுமே இருக்காது, நஷ்டம் மட்டும் நிற்கும். விளம்பரத் தாளில் போடும் மைலேஜை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். தடத்தைச் சொல்லாமல் மைலேஜைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

பேட்டரி சிறியதாக இருந்தாலும் அதன் பாடு பெரிது. மின்சாரப் பேருந்தின் பேட்டரி காலையில் நிரம்பி மெதுவாகக் காலியாகும். ஹைப்ரிட் பேட்டரியோ நிமிடத்துக்கு நிமிடம் பெரிய மின்னோட்டத்தை வாங்கியும் கொடுத்தும் சூடேறும். இதற்காகவே சென்னையின் அசோக் லேலண்ட் 2016இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டிய 'ஹைபஸ்', பேட்டரிக்குப் பதில் அல்ட்ரா கெபாசிட்டரை வைத்துக்கொண்டது. அது அதிகம் சேமிக்காது. ஆனால் ஒரு பிரேக்கில் வருவதை அப்படியே விழுங்கி, அடுத்த கிளம்பலுக்குக் கக்கிவிடும்.

லண்டனுக்கே திரும்பினால், 2012இல் வந்த புது ரூட்மாஸ்டர் இரட்டைத் தளப் பேருந்துகளும் தொடர் ஹைப்ரிட்தான். 4.5 லிட்டர் இன்ஜின், ஆயிரம் வண்டிகள். 2015இல் அவற்றில் ஏறக்குறைய எண்பது வண்டிகளின் பேட்டரி பழுதாகி, அவை டீசலிலேயே ஓடுவது வெளியே தெரிந்தது. சிக்னலில் அமைதியாக நிற்க வேண்டிய வண்டி நாள் முழுக்க உறுமிக்கொண்டு, பலனில்லாத பேட்டரியின் எடையையும் சேர்த்துச் சுமந்து போனது.