கைபேசியில் அடித்த மனு கடையில் ஏன் கலைகிறது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வாக்குவாதம் காதில் விழும். "ஃபோன்ல ஒரே பக்கமாத்தான் இருந்துச்சுங்கண்ணா, இங்க எப்படி ரெண்டு பக்கம் ஆச்சு?" கடைக்காரர் வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலைத் திறந்து திரையைத் திருப்பிக் காட்டுவார். பசுந்தேயிலைக்கு விலை கேட்டு எழுதிய மனு முதல் பக்கம் முழுக்க இருக்கும். "இப்படிக்கு" என்ற சொல்லும் கையெழுத்துக்கான இடமும் மட்டும் இரண்டாம் பக்கத்தில் அநாதையாகக் கிடக்கும். "நான் ஒண்ணுமே தொடலீங்க, வந்ததே இப்படித்தான்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கைபேசியில் இருக்கும் வேர்ட், கணினியில் இருக்கும் வேர்டின் குட்டி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. விரலுக்கும் தாளுக்கும் நடுவில் நாலைந்து மென்பொருள்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்கின்றன. ஆங்கிலம் இவற்றையெல்லாம் அலுங்காமல் கடந்துவிடும். தமிழ் ஒவ்வொரு இணைப்பிலும் முட்டிக்கொண்டுதான் போகும்.

முதலில் விரல். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், கைபேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 70. முழுப் பக்கமும் தெரியும்படி வைத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்காகிவிடும். எழுத்தின் 12 புள்ளி (பாயின்ட்) அளவு என்பது தாளில் 4 மி.மீ. சொச்சம்; திரையில் ஒன்றரை மி.மீ. கூட இல்லை. விரல் நுனி கண்ணாடியில் பதியும் இடமோ கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஆக, ஒரு தடவை தொட்டாலே நான்கைந்து வரிகளைத் தொடுகிறோம். மென்பொருள் அந்தப் பதிவின் மையத்தைக் கணக்குப் போட்டு, கர்சரை அங்கே வைக்கிறது. நாம் நினைத்த இடம் ஒன்று, அது நிற்கும் இடம் ஒன்று.

மலையில் இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் உண்டு. திரையின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடங்களில் சிறு மின்புலம் இருக்கும். நம் உடல் மின்கடத்தி என்பதால், விரல் பட்ட இடத்தில் அந்தப் புலத்தின் ஒரு பங்கு விரலுக்குப் போய்விடும். அந்தக் குறைவைத்தான் கைபேசி "தொடுகை" என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீரும் அந்தப் புலத்தைக் கலைக்கக்கூடியதுதான். கேத்திப் பள்ளத்தாக்கில் மேகம் இறங்கி, திரையில் பொடித்துளி படிந்தால் கர்சர் தானாகக் குதிப்பது அதனால்தான். கம்பளிக் கையுறை போட்டால் இதற்கு நேர்மாறு: கம்பளியின் கனத்தில் விரல் எட்டப் போய்விடுவதால் திரைக்கு ஒன்றுமே தெரியாது. திரையைத் துடைத்துவிட்டு, கர்சரை விரலால் குத்துவதை விட்டு, ஸ்பேஸ் பாரின் மேல் விரலை இடம் வலமாக இழுத்துப் பாருங்கள். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் கர்சர் ஒவ்வொரு எழுத்தாக நகரும். ஐபோனில் ஸ்பேஸ் பாரைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு நகர்த்த வேண்டும்.

இனி எழுத்து. மனுவில் அடிக்கடி வரும் "கொழுந்து" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது கொ, ழு, ந், து என்று நான்கு எழுத்து. கைபேசியின் நினைவகத்தில் அது எட்டு எண்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோட் பட்டியலில் க-வுக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018, ழ-வுக்கு 2996, உகரக் குறிக்கு 3009 என்று வரிசையாகப் போகும். புள்ளிக்கும் தனி எண். சேமிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் வழக்கமாக மூன்று பைட், மொத்தம் 24. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லாமல், மெய்யும் குறியும் சேர்ந்து எழுத்தாகும் இந்த முறை, 1988-இல் இந்தியாவில் வகுத்த இஸ்கி என்ற குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு வந்தது. எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் டேஸ் 16 என்ற முறையையும் 2010-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் கைபேசி உலகம் யூனிகோடோடு நின்றுவிட்டது. தனி எண் கிடைத்திருந்தால் நம் தலைவலியில் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். இப்போது அதைப் பேசிப் பயனில்லை.

எட்டு எண்ணை நான்கு எழுத்தாக வரைவதற்கென்றே தனி மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபீஸிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். க-வுக்குப் பின்னால் ஒகரக் குறி வந்தால், அதை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கும். நினைவகத்தில் பின்னால் இருப்பது திரையில் முன்னால் வருகிறது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்த வேலையைச் செய்ய ஆளில்லை, எழுத்துருவும் இல்லை. தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்போது "கொ"-வுக்குப் பின்னால் கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முழு எழுத்தும் போகாது. கொம்பும் காலும் சேர்ந்து மறைந்து, க மட்டும் நிற்கும். ஒரு எண்தான் அழிந்திருக்கிறது. ஆனால் கர்சரை நகர்த்தினால் அது கொ முழுவதையும் ஒரே தாவலில் தாண்டும். அழிப்பதற்கு ஒரு கணக்கு, நகர்வதற்கு வேறு கணக்கு. எரிச்சலாக இருந்தாலும் இது பிழையில்லை. குறியை மட்டும் திருத்த இதுதான் வசதி. உண்மையான பிழை எங்கே வருமென்றால், க-வுக்கும் அதன் குறிக்கும் நடுவில் எழுத்துரு, நிறம், தடிமன் மாறும்போது. மென்பொருள் அதை இரண்டு துண்டாகப் பார்த்து, தனியே விட்ட குறிக்குப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைத் துணைக்கு வைத்துவிடும். அந்த வட்டத்தைப் பார்த்தால் அந்தச் சொல்லை முழுதாக அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பதே சுலபம்.

விசைப்பலகையின் பரிந்துரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அடிக்கடி வரும் சொல்லை முன்னால் நிறுத்துவது அதன் பழக்கம். அதனால் தூனேரி, ஹட்டி போன்ற நீலகிரி ஊர்ப்பெயர்களும், தமிழ் எழுத்தில் அடிக்கும் படுகர்களின் படுகு மொழியும் அதனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டால் சரி.

அப்புறம், ஒரு பக்கம் இரண்டான கதை. வேர்ட் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே சாதாரண எழுத்துக் கோப்புகள் இருக்கும். இது பத்தி, இது தலைப்பு, இந்த எழுத்துரு, இந்த அளவு என்ற விவரமெல்லாம் அங்கே உண்டு. எந்த வரி எங்கே மடிகிறது, பக்கம் எங்கே முடிகிறது என்பது அதில் இல்லை. அது தையல்காரரிடம் கொடுக்கும் அளவுச் சீட்டு. தைத்த சட்டை இல்லை. திறக்கும் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ள எழுத்துருவைக் கொண்டு பக்கத்தைப் புதிதாக அமைத்துக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டில் இருப்பது நோட்டோ சான்ஸ் தமிழ். விண்டோஸில் லதா அல்லது நிர்மலா யூஐ. ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். மூன்றிலும் எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் வேறு வேறு. அகலம் நூற்றுக்கு ஐந்து கூடினாலே, 40 வரி மனு 42 வரியாகிவிடும். "இப்படிக்கு" அடுத்த பக்கத்துக்குப் போக அந்த இரண்டு வரி போதும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. வேர்ட் ஃபைலில் எழுத்தின் அளவும் தடிமனும் இரண்டு இடங்களில் குறிக்கப்படுகின்றன. ஒன்று ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு. மற்றது தமிழ், இந்தி, அரபு மாதிரி குறிகள் சேர்ந்தும் உருமாறியும் வரும் எழுத்துகளுக்கு. ஒரு செயலி முதல் இடத்தில் மட்டும் குறித்துவிட்டுப் போனால், கணினி வேர்டில் திறக்கும்போது எண்களும் ஆங்கிலமும் தடித்து நிற்கும்; தமிழ் மெலிந்தே இருக்கும். "ஃபோனில் போல்டு போட்டேனே" என்று கேட்பவர் போட்டது உண்மைதான். குறிப்பு போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

கையடக்கக் கணினிகளில் இது பழைய நோய். 1996-இல் வந்த விண்டோஸ் சிஇ கருவிகளில் பாக்கெட் வேர்ட் இருந்தது. கணினியிலிருந்து ஃபைலை ஏற்றும்போதே அது தன் சின்ன வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். திரும்ப இறக்கும்போது சில அலங்காரங்கள் உதிர்ந்திருக்கும். 2005-இன் வேர்ட் மொபைலில்தான் இந்த மாற்றல் வேலை பெருமளவு நின்றது.

அச்சுக்கு அனுப்புவதென்றால் வழி ஒன்றுதான்: கைபேசியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஒவ்வொரு எழுத்து வடிவமும் தாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது பிடிஎஃப்பில் பதிவாகியிருக்கும். எழுத்துருவும் வழக்கமாகக் கூடவே போகும். கடைக்காரரின் கணினியில் வரி நகராது.

ஆனால் வேர்ட் ஃபைலை அழித்துவிடாதீர்கள். பல பிடிஎஃப்கள் எழுத்தை வரைந்த வரிசையில்தான் வைத்திருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அரசாணையிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் "ெகாழுந்து" என்று விழுவது இதனால். அதைத் திருத்தும்போது இன்னொரு வினையும் சேரும். கொம்பையும் காலையும் தனித்தனியாக க-வுக்குப் பின்னால் சேர்த்தால், திரையில் சுத்தமான கொ தெரியும். உள்ளே 3018 என்ற ஒரே எண்ணுக்குப் பதில் 3014, 3006 என்று இரண்டு எண். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான். சமன்படுத்திப் பார்க்காத செயலியிலோ, கண்ணெதிரே இருக்கும் கொழுந்தைத் தேடினால் "இல்லை" என்று வரும். அப்படி வந்தால் முதல் எழுத்தை விட்டுவிட்டு, "ழுந்து" என்று மட்டும் தேடுங்கள். இரண்டு வகையும் அகப்படும்.