உயிரியல் பெருக்கமா, நஞ்சேற்றமா?

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். மைக் பிடித்தவர், "ஏரி மீன்களில் உயிரியல் பெருக்கம் நடக்கிறது" என்றார். பக்கத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த அக்கா, "பெருகினா நல்லதுதானே, விலை குறையும்" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் கேட்கும்.

ஆங்கில மூலச்சொல் பயோமேக்னிபிகேஷன். 'பயோஸ்' கிரேக்கத்தில் உயிர், 'மேக்னஸ்' லத்தீனில் பெரிது. சொல்லைப் பிய்த்துத் துண்டுக்கொரு தமிழ்ச்சொல் ஒட்டினால் 'உயிரியல் பெருக்கம்' வந்துவிடும். பொருள்தான் வராது. இங்கே கூடுவது உயிர் அல்ல, உடம்பிலுள்ள நஞ்சின் அளவு.

வண்டலில் படிந்த பாதரசத்தை அங்குள்ள பாக்டீரியா மெத்தில் பாதரசம் என்ற நச்சுச் சேர்மமாக மாற்றுகிறது. அது பாசிக்குள் போகிறது. பாசியைத் தின்னும் சிற்றுயிர், அதைத் தின்னும் குட்டி மீன், அதை விழுங்கும் பெரிய மீன் என்று படிக்குப் படி செறிவு கூடுகிறது. தின்றது செரித்துப்போகும், பாதரசம் லேசில் போகாது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் தெரியவந்த நோய்க்கும் ஆலைக் கழிவிலிருந்து மீன்வழியே இப்படி ஏறிய மெத்தில் பாதரசம்தான் காரணம். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு ஊரறிந்த கதை. ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதாக 2006இல் ஆய்வே வெளிவந்தது.

சிலர் 'உயிரிய உருப்பெருக்கம்' என்கிறார்கள். உருப்பெருக்கம் நுண்ணோக்கிக்கு உரிய சொல். மீனைக் கண்ணாடிக்கடியில் வைத்தா பார்க்கிறோம்?

நான் சொல்வது நஞ்சேற்றம். பாம்பு கடித்தால் 'விஷம் ஏறுது' என்பது நம் பேச்சு வழக்கு. மேலே மேலே போவதும் அதே 'ஏறு'தான். ஒரே உயிரின் உடம்பில் நாள்பட நஞ்சு சேர்வது வேறு சங்கதி, அது பயோஅக்யூமுலேஷன். அதற்கு நஞ்சுத்தேக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மீனுக்குள் தேக்கம், மீன்விட்டு மீன் ஏற்றம்.

'உயிரியல்' இருந்தால்தான் அறிவியல் மாதிரி இருக்கும் என்கிறார் வாத்தியார் நண்பர் ஒருவர். உயிரியல் என்பது படிப்பின் பெயர் ஐயா! படிப்பா மீனுக்குள் பெருகுகிறது? எதைக் கண்டாலும் 'இயல்' ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வியாதியாகிவிட்டது. மனசு சரியில்லை என்றால்கூட 'உளவியல் பிரச்சினை'. 'நஞ்சு' கடுமையான சொல் என்றும் குறைப்படுகிறார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தத்தையே நஞ்சு என்ற மொழி இது. பாதரசத்துக்கு என்ன தயவு?

இதைவிட எரிச்சல், நகரத்து ஆறுகளில் கலக்கும் மருந்து எச்சங்களுக்கும் இதே 'உயிரியல் பெருக்கம்' என்ற சொல்லைப் போடுவது. வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் நம் சிறுநீரோடும் ஆலைக் கழிவோடும் ஆற்றுக்குப் போகின்றன. இவற்றில் பலவும் பாதரசம்போலப் படியேறுவதில்லை, சிதைந்தும் போகும். ஆனால் தினம் தினம் புதிதாக வந்து விழுவதால் மீனுக்கு ஓய்வே இல்லை. அதை 'ஓயாத மருந்துக் கலப்பு' என்றாலே போதுமே.

பாறுக் கழுகு விஷயத்திலும் இதே கூத்து. நீலகிரியில் மோயாற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் பறவை. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்து, அந்த உடலைத் தின்றால் சிறுநீரகம் கெட்டு ஒரு சில நாளில் கழுகு சாகும். அதனால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இதில் தேக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை. மருந்து கலந்த இறைச்சியால் கழுகு செத்தது என்று நேராக எழுதிவிட்டுப் போகலாம்.