உவர் நிலத்தில் கோதுமை: விதைப்புக்கு முந்தைய இரவில் செய்ய வேண்டியது

உவர் நிலத்தில் கோதுமை போட்டவர்கள் என்னிடம் முதலில் பேசுவது மகசூலைப் பற்றி அல்ல. "விதை நல்ல விதைதான், ஆனால் பயிர் திட்டுத் திட்டாகத்தான் வந்திருக்கிறது" என்பார்கள். வயலில் இறங்கிப் பார்த்தால் ஓரிடத்தில் பயிர் விரலளவு எழுந்திருக்கும், நாலடி தள்ளி வெறும் மண்தான் இருக்கும். அந்த மண்ணைக் கிளறினால் போட்ட விதை போட்ட இடத்திலேயே கிடக்கும். சில ஊறி நசநசத்துப் போயிருக்கும். சில முளைவேரை மட்டும் நீட்டி, நுனி பழுப்பேறி அப்படியே நின்றிருக்கும். இந்தச் சொட்டைகளை அப்புறம் எந்த உரத்தைப் போட்டும் நிரப்ப முடியாது. கோதுமை தூர் கட்டி ஓரளவு இடத்தை அடைக்கும் பயிர்தான். ஆனால் உப்பு தூர் கட்டுவதையும் குறைத்துவிடுவதால் அந்த ஈடுகட்டலும் இங்கே சரியாக நடப்பதில்லை.

அதனால்தான் விதையை ஊறவைத்து, உலர்த்தி விதைக்கும்படி விடாமல் சொல்லி வருகிறேன். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த நேர்த்தி மண்ணில் இருக்கும் உப்பில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. மிகவும் பலவீனமாக இருக்கும் முதல் இரண்டு வாரங்களைப் பயிர் சீக்கிரம் கடக்க உதவும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள்.

உலர்ந்த விதை ஈரத்தில் விழுந்ததும் முதலில் வேகமாகத் தண்ணீரை இழுக்கும். பிறகு இழுப்பது ஏறக்குறைய நின்றுபோகும். வெளியே ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் இந்த இடைவேளையில்தான் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. சேதமான மரபுப்பொருளும் செல் சவ்வுகளும் பழுது பார்க்கப்படுகின்றன. ஆல்பா அமைலேஸ் போன்ற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகின்றன. இதெல்லாம் முடிந்த பிறகே முளைவேர் வெளியே வரும். உவர் மண்ணில் தண்ணீர் இருந்தும் விதையால் அதை எளிதாக இழுக்க முடியாது, உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைப்பு நாள் கணக்கில் தள்ளிப்போகும். அதற்குள் மேல்மண் காய ஆரம்பித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மண்ணின் ஈரம் பாதியானால், மிஞ்சிய ஈரத்தில் உப்பின் அடர்த்தி ஏறக்குறைய இரட்டிப்பாகும். இது போதாதென்று சோடியமும் குளோரைடும் உள்ளே நுழைந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து நொதிகளின் வேலையைக் கெடுக்கும்.

ஊறவைப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. அந்த இடைவேளை வேலையை உப்பில்லாத நல்ல தண்ணீரில், நம் கண் முன்னாலேயே முடித்துவிட்டு, முளைவேர் வெளிவருவதற்கு முன் நிறுத்திவிடுகிறோம். மண்ணில் விழும்போது விதை பாதித் தூரத்தைக் கடந்திருக்கும். விதையை இப்படிப் பாதியில் நிறுத்துவதை ஹைடெக்கர் என்ற விதை ஆய்வாளரின் குழு 1973-இல், விதை தண்ணீரை இழுப்பதைக் கட்டுப்படுத்தும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் செய்து காட்டியது. வயலுக்கு அவ்வளவு விலையுயர்ந்த கரைசல் தேவையில்லை. வெறும் தண்ணீரே கணிசமான பலன் தரும் என்பதை டேவிட் ஹாரிஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் உழைத்தவர்களும் தெற்காசிய, ஆப்பிரிக்க விவசாயிகளின் நிலங்களிலேயே சோதித்துக் காட்டினார்கள்.

கோதுமைக்கு ஏறக்குறைய 12 மணி நேரம், அதாவது ஓர் இரவு போதும். மாலையில் ஊறப்போட்டு, விடிந்ததும் வடித்து, நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, விதை ஒன்றோடொன்று ஒட்டாத பதத்துக்கு வந்ததும் அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். விதை மூழ்கி மேலே நாலு விரல் தண்ணீர் நின்றால் சரியாக இருக்கும். ஆழமான பீப்பாயில் திணித்து வைத்தால் அடியிலுள்ள விதைக்குக் காற்று கிடைக்காமல் புளித்த வாடை வந்துவிடும், அகலமான தொட்டியே நல்லது. மேலே மிதக்கும் சாவி விதைகளை அள்ளி எறிந்துவிடலாம். ஊறவைக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருப்பது முக்கியம். வயலுக்குப் பாயும் அதே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, பலனில்லை என்று வருபவர்களையும் பார்க்கிறேன்.

வெறும் தண்ணீரைவிட ஒரு படி மேலே போக விரும்பினால், உவர் நிலத்துக்கு என் தேர்வு கால்சியம் குளோரைடு. கால்சியம் செல் சவ்வை உறுதியாக வைத்துச் சோடியம் கண்டபடி நுழைவதைத் தடுக்கிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றும் ஏற்பாட்டைத் தட்டி எழுப்பும் சமிக்ஞையும் கால்சியம்தான். ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் அளவு 50 மில்லிமோலார். நூறு லிட்டர் தண்ணீருக்குக் கணக்கிட்டால், இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த டைஹைட்ரேட் வகையில் ஏறத்தாழ 735 கிராம், நீரற்ற வகையில் ஏறத்தாழ 555 கிராம். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் சாக்கின் மேல் எந்த வகை என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடை போடுங்கள். சமையல் உப்புக் கரைசலில் ஊறவைத்தாலும் விதை உப்புக்குப் பழகும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலே விதைக்குக் கேடு என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

12 மணி நேரம் என்பது கல்லில் செதுக்கிய கணக்கு அல்ல. முளைவேர் விடாமல் விதையை எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பம் கூடினால் அந்த எல்லை சுருங்கும், ரகத்துக்கு ரகமும் மாறும். எல்லையைக் கடந்துவிட்ட விதை, மேற்கொண்டு தண்ணீர் காட்டாவிட்டாலும் தானாகவே முளைவேர் விடத் தொடங்கும். விதைத்த இடத்தில் ஈரம் குறைந்தால் அந்த வேர் கருகி, விதை அத்தோடு முடிந்தது. ஊறவைக்காத விதையாவது ஈரம் வரும்வரை காத்திருக்கும், இதற்கு அந்த வாய்ப்பும் கிடையாது. ஆகவே விதைப்புக்கு ஒரு வாரம் முன்பே எல்லையைக் கண்டுபிடித்துவிடுவது நல்லது. ஒரு கைப்பிடி விதையை 8 மணி நேரமும், இன்னொரு பிடியை 12, மற்றவற்றை 16, 24 என்றும் ஊறவைத்து எடுங்கள். மேல்ஈரம் போகத் துடைத்துத் தனித்தனி துணியில் முடிந்து வையுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து முடிச்சைப் பிரித்தால், எந்த முடிச்சில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கிறதோ அந்த நேரம் உங்கள் ரகத்துக்கு அதிகம். அதற்குக் கீழே உள்ள நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால் காய்ந்த மண்ணில் இந்த விதையைப் போட்டுவிட்டு மழையை எதிர்பார்க்கக் கூடாது. முன்நீர்ப்பாசனம் செய்து, நல்ல தண்ணீரால் மேல்மண் உப்பைக் கீழே தள்ளிவிட்டு, உழவுப் பதம் வந்ததும் விதைப்பதுதான் சரியான முறை. ஊறிய விதை உப்பியிருப்பதால் விதைப்புக் கருவியின் குழாயில் மெதுவாகவே இறங்கும். உலர்விதைக்குப் போட்டிருந்த அளவுத் திருகை அப்படியே விட்டால் விதை குறைவாக விழும், மறுபடி அளவு பார்க்க வேண்டும். உவர் நிலத்தில் விதையளவையே வழக்கத்தைவிடக் கால்பங்கு கூட்டச் சொல்கிறோம், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயம் பூசி, பூஞ்சாணக்கொல்லி ஏற்றி வரும் விதைப்பையை ஊறவைக்கக் கூடாது. மருந்து கழன்று போவதோடு, மிஞ்சும் நீரும் நஞ்சாகிவிடும். அதைக் கால்நடைகள் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. மருந்து ஏற்றாத விதையை வாங்கி, ஊறவைத்து மேல்ஈரம் போன பிறகு பூஞ்சாணக்கொல்லி, கடைசியாக நுண்ணுயிர் உரம் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மண். மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்காமல் இதில் இறங்க வேண்டாம். பயிர்கள் உப்பைத் தாங்கும் அளவுகளை மாஸ், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் 1977-இல் தொகுத்த கணக்குப்படி, மண்ணைத் தண்ணீரால் முழுதும் நிறைத்துப் பிரித்தெடுக்கும் நிறைவுச் சாற்றில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 6 டெசிசைமன்ஸ் வரை கோதுமை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் மகசூல் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பல ஆய்வகங்கள் நிறைவுச் சாற்றில் அளப்பதில்லை, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து அளக்கின்றன. அப்படி வரும் எண் மிகவும் குறைவாக இருக்கும். ஐந்து பங்கு தண்ணீரில் கிடைத்த 1 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருப்பவரின் நிலம், நிறைவுச் சாற்றில் கோதுமையின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். எந்த விகிதத்தில் அளந்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கார அமில நிலை (pH) 8.5-க்கு மேலே போய், மழைக்குப் பிறகு தண்ணீர் உள்ளிறங்காமல் தேங்கி, மேல்மண் ஓடுபோல் இறுகும் நிலம் களர். அங்கே ஊறவைத்த விதை முளைத்தாலும் அந்த ஓட்டை உடைத்து வெளியே வர முடியாமல் திணறும். அந்த நிலத்துக்கு முதல் தேவை ஜிப்சமும் வடிகாலும். ஜிப்சத்தை ஒத்திப்போட்டுவிட்டு விதை நேர்த்தியில் காசைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

ரகத்தையும் மறக்கக் கூடாது. முளைத்து வந்த பயிர் பிறகு வாரக்கணக்கில் சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் காக்க வேண்டும், அது அதன் மரபில் இருக்கும் குணம். பொதுவாக ரொட்டிக் கோதுமைக்கு இந்தத் திறன் பாஸ்தா செய்யப் பயன்படும் டூரம் கோதுமையைவிட அதிகம். கர்ச்சியா 65 என்ற பழைய ரகம் உப்பைத் தாங்குவதில் பெயர் பெற்றதால், உலகெங்கும் இனப்பெருக்க ஆய்வாளர்கள் அதைப் பெற்றோர் வரிசையில் வைத்தார்கள்.

முதல் முறை செய்பவர்கள் முழு நிலத்துக்கும் செய்ய வேண்டாம். உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பகுதியில், ஊறவைத்த விதையை நாலு வரிசை, அதே பையிலிருந்து ஊறவைக்காத விதையை நாலு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டுக் குச்சி நட்டு வையுங்கள். பத்தாம் நாளும் இருபதாம் நாளும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மீட்டர் நீளத்துக்கு நாற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடையின்போது அந்த வரிசைகளைத் தனியாக அறுத்து எடை போடுங்கள். முளைப்பில் வித்தியாசம் தெரிந்தும் எடையில் தெரியவில்லை என்றால், தடை விதையில் இல்லை. மண்ணின் ஆழத்தையும் பாசன நீரையும் அடுத்துச் சோதிக்க வேண்டும்.