சாயப்பட்டறையை வாங்கினால் லாபமா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி, தன் துணிக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறையையே விலைக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய வருமானத்தைப் பார்த்தால் பட்டறையின் மதிப்பு 40 கோடி. உரிமையாளர் கேட்பது 52 கோடி. அந்த 12 கோடியில்தான் விஷயமே இருக்கிறது.

40 கோடிக்குப் பட்டறை ஈடாகிவிடும். மேலே கொடுத்த 12 கோடியை, இரண்டும் சேர்ந்ததால் மிச்சமாகும் செலவிலிருந்துதான் எடுக்க வேண்டும்: ஷேடு (நிறச் சாயல்) மாறி மறுபடி சாயம் போடுவது, துணிக்காகத் தையல் லைன் காத்துக்கிடப்பது, வண்டி வாடகை. வரி போக ஆண்டுக்கு 2 கோடி மிச்சம், போட்ட பணத்துக்கு 14 சதவீதம் வேண்டும் என்று கொள்வோம். முதல் ஆண்டு முடிவிலிருந்து காலத்துக்கும் அது கிடைத்தால், 2-ஐ 0.14-ஆல் வகுக்க, இன்றைய மதிப்பு 14.3 கோடி. மேலே கொடுத்த 12 போக, கையில் 2.3 கோடி லாபம்.

ஆனால் முதல் 2 கோடி மூன்றாம் ஆண்டு முடிவில்தான் வந்தால்? இரண்டு ஆண்டு தள்ளிப்போனதால் 14.3-ஐ 1.14-ஆல் இருமுறை வகுக்க வேண்டும். 11 கோடி ஆகிறது. கணக்கு முறையை மாற்ற, இயந்திரத்தை நகர்த்த 1.5 கோடி போனால் மிஞ்சுவது 9.5. இரண்டரைக் கோடி நட்டம். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, தாமதம் மட்டுமே தின்றது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஜாப் ஒர்க்கில், அதாவது வெளியார் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடும் வேலையில் இருக்கிறது. அந்தப் பட்டறைக்குத் துணி அனுப்பிய மற்ற ஏற்றுமதியாளர்கள், தங்கள் ஆர்டர் அளவும் ஷேடும் போட்டியாளர் கண்ணில் படுவதை விரும்பமாட்டார்கள். சத்தமில்லாமல் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். அதோடு சாயக் கலவை தெரிந்த டையிங் மாஸ்டரும் கிளம்பினால், 40 கோடி என்ற அடிப்படை மதிப்பே ஆட்டம் காணும். மிச்சத்தை எண்ணுகிறவர்கள் இந்த இழப்பை எண்ணுவதேயில்லை.

பங்குச்சந்தைக் கம்பெனிகளை ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் காண்பதும் ஏறக்குறைய இதுதான். அறிவிப்பு வந்ததும் விற்கப்படும் கம்பெனியின் பங்கு ஏறும். வாங்குகிறவர் பங்கு சராசரியாகப் பார்த்தால் பெரிதாக அசையாது, சில சமயம் இறங்கும். இணைப்பால் ஆதாயம் உண்டு, அதில் பெரும்பங்கு விற்றவர் மடிக்குப் போகிறது. பலர் போட்டி போட்டால் இன்னும் மோசம்: மதிப்பை மிகையாகக் கணித்தவரே ஏலத்தில் ஜெயிப்பார். ஈரோட்டு மஞ்சள் ஏலத்திலாவது கிழங்கை உடைத்துப் பார்க்கலாம்.

விலைதான் முடிவு செய்கிறது என்பதற்கு ஜாகுவார், லேண்ட் ரோவர் கார் கம்பெனிகள் நல்ல உதாரணம். ஃபோர்டு 1989-லும் 2000-லும் இவற்றை வாங்கக் கொடுத்தது மொத்தம் 500 கோடி டாலருக்கு மேல். 2008-ல் டாடா மோட்டார்ஸ் இரண்டையும் வாங்கியது சுமார் 230 கோடி டாலருக்கு, பாதிக்கும் குறைவான விலைக்கு.

பட்டறைக்கு வருவோம். பில் போட்ட கிலோவை, மாதாமாதக் கரண்ட் யூனிட்டோடும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன கழிவுநீர் லிட்டரோடும் ஒப்பிடுங்கள். ஊதிக் காட்டிய விற்பனை அங்கே பிடிபடும். திருப்பூரில் 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை மறக்கக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் பட்டறைக்கு உள்ள பங்கும், அதன் கடன் பாக்கியும் யார் பெயருக்கு வரும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். பட்டறைக் கம்பெனியின் பங்குகளாக வாங்கினால் பழைய வரி நோட்டீஸ், பி.எஃப். பாக்கி எல்லாம் கூடவே வரும். ஜாப் ஒர்க் கிலோ இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் தருவதாக, விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது நல்லது.