கொக்குவில், கோண்டாவில் பக்கம் காணி பார்ப்பவர்களுக்கு

யாழ்ப்பாண நகரத்தில் வேலை, நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு வீடு. போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் வங்கிகளிலும் வேலை பார்க்கும் இளம் குடும்பங்கள் பல இதைத்தான் விரும்புகின்றன. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று பலாலி வீதியையும் காங்கேசன்துறை வீதியையும் ஒட்டிக் காணி தேடுகிறார்கள். 2015 ஜனவரியில் ரயில் மறுபடி காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. ஸ்டேசனுக்கு நடந்துபோகும் தூரம் என்றாலே தரகர் அதற்குத் தனியாக ஒரு விலை வைக்கிறார்.

என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது, "சேர், பரப்பு இந்த விலைக்குப் போகுமா?" என்பதுதான். பரப்பு என்பது இங்கே காணியை அளக்கும் கணக்கு. காணி உறுதிகளை (கிரயப் பத்திரங்களை) எழுதும் நொத்தாரிசு என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது: "விற்கிற ஆளுக்கு எத்தனை சகோதரங்கள்? அவையள் இப்ப எங்க இருக்கினம்?" பலர் விழிப்பார்கள். உறுதியைக் கண்ணால் பார்த்தோம், ஆளும் தெரிந்த ஆள், பிறகென்ன என்று நினைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் காணி பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கையில்தான் இருக்கும், உறுதியில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும்கூட. அந்தக் குடும்பத்தில் உரிமையுள்ள எல்லோரையும் கண்டுபிடித்த பிறகுதான் முற்பணம் கொடுக்கவேண்டும். இதைக் கேட்டு நடந்திருந்தால் என் மேசைக்கு வந்த பிணக்குகளில் பாதி வந்தே இருக்காது.

அடிக்கடி நான் காண்பது இப்படி: தாய் தகப்பன் இறந்துவிட்டார்கள். ஐந்து பிள்ளைகள். ஒருவர் மட்டும் ஊரில், மற்றவர்கள் கனடா, லண்டன், பிரான்ஸ். ஊரில் இருப்பவர் வளவைப் பார்த்துக்கொண்டு, சோலைவரியும் கட்டிவருகிறார். "நான் முப்பது வருஷமாக இருக்கிறன், இது என்ர காணி" என்கிறார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, மனதார அப்படி நம்புகிறார். ஆனால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தில் உள்ள பத்து வருடக் கணக்கு (பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது), பங்குக்காரர் ஒருவர் மற்றப் பங்குக்காரருக்கு எதிராகச் சும்மா இருந்து எட்டிவிடும் கணக்கல்ல. அவர்களுடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்கும் தெரியும்படி இருந்ததை நீதிமன்றத்தில் காட்டவேண்டும். வரிப் பற்றுச்சீட்டுக் கட்டு அதற்குப் போதாது.

போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் தம் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதன் பயனைப் பெற வழக்குப் போடுவதற்கு இரண்டு வருட அவகாசமே இருந்தது. அது முடிந்துவிட்டதென்று வெளிநாட்டில் இருப்பவரின் உரிமையே அற்றுப்போய்விட்டதாக எவரும் சொன்னால் நம்பவேண்டாம்.

அடுத்தது அற்றோர்னித் தத்துவம், அதாவது தன் சார்பில் காணியை விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்திருப்பார். தாள் சரியாக இருக்கும், தூதரக முத்திரையும் இருக்கும். அண்ணன் உயிரோடு இருக்கிறாரா? எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே அந்தத் தத்துவம் செத்துவிடுகிறது. ரொறன்ரோவில் நடந்த இறப்பு இங்குள்ள காணிப் பதிவகத்துக்குத் தானாகத் தெரியவராது. தத்துவத்தில் விற்கிறார்கள் என்றால், எழுதிக் கொடுத்தவரோடு வீடியோவில் ஒருமுறை நீங்களே பேசுங்கள். இதைக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். பெருந்தொகைப் பணத்தைக் கொடுக்கப்போகிற நேரத்தில் இந்தத் தயக்கம் கூடாது. அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால், அவருடைய மனைவியும் பிள்ளைகளும்தான் இனி உங்களோடு பேசவேண்டியவர்கள். இறந்தவரின் சொத்தை நீதிமன்றம் மூலம் வாரிசுகளுக்கு மாற்றும் மரணசாதன வழக்குத் தேவையா என்பதையும் அந்த இடத்திலேயே பார்த்துவிடவேண்டும்.

நம் காணிகளுக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையும் உண்டு. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த இந்த வழக்காறு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி வாங்குபவர் அதில் இரண்டு விஷயங்களை அறிந்திருந்தால் போதும்.

ஒன்று, முன்வாங்கும் உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, பிரிபடாத பங்கை ஒருவர் விற்பதென்றால் மற்றப் பங்குக்காரருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் உங்களுக்கு எழுதினால், பங்குக்காரர் வழக்குப் போட்டு அந்த விலைக்கே காணியைத் தன் பக்கம் எடுக்க வழியுண்டு. அதற்கிடையில் நீங்கள் மதில் கட்டியிருப்பீர்கள்.

மற்றது, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்கமுடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. அவளுடைய சொத்துக்கு அவளே முழு உடமைக்காரி என்றிருக்க, இந்தக் கையெழுத்தைக் கேட்பது பெண்ணைச் சிறுமைப்படுத்துவது என்பது என் உறுதியான கருத்து. மாற்றப்படவேண்டிய ஏற்பாடு. ஆனால் சட்டம் இருக்கும்வரை அந்தச் சம்மதமில்லாத உறுதியில் நீங்கள் பணம் போடக்கூடாது. கணவன் விட்டுப்போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், காரணமின்றிச் சம்மதிக்க மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம். போர் முடிந்த பிறகு கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பெண்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். அப்படியொருவர் காணி விற்கவந்தால், "கணவன் கையெழுத்தில்லை, வேண்டாம்" என்று திருப்பி அனுப்பாமல், நீதிமன்ற அனுமதிக்கு உதவி, அது வரும்வரை பொறுத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். இலங்கைக் குடியுரிமையை விட்டு வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர், இரட்டைக் குடியுரிமை இல்லாமல் இங்கே காணி வாங்கமுடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு, சாதாரண வளவுக் கிரயம் அவற்றில் சேராது. அதனால் தங்கச்சியின் பெயரில், மச்சானின் பெயரில் வாங்குகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது தங்கச்சியின் காணி. அவளுடைய கணவனும் பிள்ளைகளும் வாரிசாக வருவார்கள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதே பாதுகாப்பு.

சரி, உடமை தெளிவு என்றே வைப்போம். இனிக் காணிக்கு நேரே போய்ப் பாருங்கள், கார்த்திகை மழைக்குள் போனால் இன்னும் நல்லது. பங்குனியில் காய்ந்து கிடக்கும் தரை, வடகீழ்ப் பருவமழையில் எப்படி இருக்கும் என்பதை அயலவர் சொல்வார்கள். ஒழுங்கை யாருடையது என்று கேளுங்கள். பிரதேச சபையின் ஒழுங்கையா, ஒரு குடும்பம் தன் வளவுக்குள் விட்ட பாதையா? பாதை உரிமை உறுதியில் எழுதியிருக்கவேண்டும். "காலகாலமாக எல்லோரும் போற பாதைதான்" என்ற வாய்வார்த்தை, அடுத்த தலைமுறை கேற் போட்டதும் போய்விடும். பங்குக் கிணறு இருந்தால் அதிலுள்ள பங்கும் அப்படித்தான், எழுத்தில் வரவேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இந்த ஊர்கள் இருக்கும் வலிகாமத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குழியுமான அந்தக் கல்லுக்குள் மழைத்தண்ணீர் விரைவாக இறங்கும், மலக்குழிக் கழிவும் விரைவாக இறங்கும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடியாவது வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், ஏறக்குறைய 2,722 சதுர அடி. சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 52 அடிதான். அதற்குள் வீடும் கட்டி, கிணறும் வெட்டி, குழியும் போட்டு, அயலவரின் குழியிலிருந்தும் விலகி நிற்பது எப்படி? பெரிய வளவுகளைப் பரப்புப் பரப்பாகத் துண்டாடி விற்பதை நான் அச்சத்தோடு பார்க்கிறேன். இங்கே வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். ஒரு பரப்பில் வீடு கட்டத்தான் வேண்டுமென்றால், நீர்புகாத தொட்டி கட்டுங்கள், நான்கு பக்கத்து அயலவரின் குழியும் எங்கே என்று கேளுங்கள், முற்பணத்துக்கு முன் கிணற்றுத் தண்ணீரை நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் பரிசோதியுங்கள். உரம் போடும் தோட்டங்களுக்கு அருகில் நைத்திரேற்றுப் பரிசோதனை கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீடென்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நில அளவையாளரைக் கூட்டிப்போய், பழைய நில அளவைப் படத்தைத் தரையோடு ஒப்பிடுங்கள். வேலி நகர்ந்திருக்கும்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. முத்திரைத் தீர்வை கிரயத்தின் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரும் தரகரும் வற்புறுத்துவார்கள். நாளை கிரயம் முறிந்தால் நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடிய தொகைக்கு முதல் சாட்சி உறுதியில் உள்ள எண்தான். மறுத்துவிடுங்கள்.

உறுதி எழுதி முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் முந்திய மாத உறுதிகளின் இரட்டைப் பிரதியை 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். அது வேறு, உறுதியைப் பதிவு செய்வது வேறு. பதியாமல் கிடக்கும் உங்கள் உறுதிக்குப் பின்னால், அதே காணியைப் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். கையெழுத்திட்ட கிழமைக்குள்ளேயே பதிவுக்குக் கொடுக்கச் சொல்லி உங்கள் நொத்தாரிசை நச்சரியுங்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து நீங்களே பதிவகத்துக்குப் போய், உங்கள் பெயர் ஏறிய தாளின் பிரதியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.